எட்டுப் பேர் வேலை

எங்கள் தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. "பேர் பதிஞ்சாச்சு" என்பார்கள். வேலை போய்விட்டால் "பேர வெட்டிட்டாங்க." வெளியூர்க்காரர் யாராவது இதைக் கேட்டால், யாரோ யாரையோ கத்தியால் வெட்டிவிட்டார்கள் என்று பதறிப்போவார். அப்படிப் பதறுவதில் பெரிய தப்பும் இல்லை. பேர் வெட்டுப்பட்டால் வேலை மட்டும் போகாது, லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் தோட்டம் கொடுத்த வீட்டையும் எப்போது கேட்பார்களோ என்ற பயம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். என் மாமனார் பிள்ளைகளை மிரட்டப் பூச்சாண்டியைக் கூப்பிட்டதே இல்லையாம். "சத்தம் போட்டா கண்டாக்கையா வந்து அப்பா பேர வெட்டிருவாரு" என்பாராம். மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்கு அவ்வளவு மரியாதை. என் கணவரும் அவருடைய தங்கையும் அந்தப் பயத்திலேயே சோறு தின்று வளர்ந்தவர்கள்.

நான் லிந்துலைக்காரி. மஸ்கெலியாவுக்கு மேலே, டேம் தண்ணீர் தெரிகிற இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்தேன் என்று பேர்தான், பல வருஷம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்து கட்டில் விரிக்கிற வேலையில் இருந்தேன். நாடே எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில் ஹோட்டலுக்கு ஆள் வருவது நின்றுபோனது. எங்களையும் அனுப்பிவிட்டார்கள். பெட்டியோடு லயத்துக்கு வந்து சேர்ந்து மூச்சு விடுவதற்குள் இங்கே ஸ்டோரை மூடினார்கள். ஸ்டோர் என்றால் கடை அல்ல. தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். கொழுந்தை இனி லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பி அங்கே அரைத்துக்கொள்வார்களாம். ஸ்டோரில் அடுப்பையும் காற்றாடிகளையும் பார்த்துக்கொண்டிருந்த என் கணவரை மலையில் மருந்தடிக்க அனுப்பினார்கள். அவராவது பேர் பதிந்த ஆள். அவருடைய தங்கை, என் நாத்தனார், அதே ஸ்டோரில் தேயிலை சலிக்கிற இடத்தில் நின்றவள், கடைசிவரைக்கும் தற்காலிகம். வெட்டுவதற்குக்கூட அவளுக்கு ஒரு பேர் இல்லை.

அவள் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். ஐந்து வயது மகளோடு அவள் எங்களோடு இருந்தாள். காம்பரா என்கிற ஒரே அறையில் ஐந்து ஜீவன்கள். அந்த நெருக்கடியிலும் அவளோடு எனக்கு ஒரு சண்டையும் வந்ததில்லை. நாத்தனாரும் அண்ணியும் ஒற்றுமையாக இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரிகளுக்குத்தான் தூக்கம் போனது.

ஒரு நாள் ஹட்டனுக்குப் போய் வந்தவள், ஈரக் குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்று சொன்னாள்.

"அண்ணி, நான் சவூதிக்குப் பதிஞ்சிட்டு வந்துட்டேன்."

வீட்டு வேலைக்கு. ஏஜென்சிக்காரர் மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கொடுத்துவிட்டாராம். டிக்கெட் வந்ததும் கூப்பிடுவாராம். பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு காட்சி வந்து நின்றது. எங்கள் லயத்திலேயே கடைசி வீட்டுப் பிள்ளை தன் அம்மாவைப் போனில் பார்த்தே வளர்ந்தது. அம்மா லீவில் வந்து இறங்கி அதைத் தூக்கியபோது அது அழுதுகொண்டு, "அம்மாகிட்ட பேசணும், போன குடுங்க" என்றது. அந்தக் காட்சியை என் நாத்தனாரும் என் பக்கத்தில் நின்றுதான் பார்த்தாள். பார்த்துவிட்டும் போகிறேன் என்கிறாள் என்றால், அவளுக்கு இங்கே என்ன வழி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. போகாமல் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பதிலுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை, அது வேறு விஷயம். ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் மாமனாரும் மகனும் உட்கார்ந்து நாட்டில் வேலையை உண்டாக்குவது யார் என்று வழக்காடுவார்கள். மாமனார் ஓய்வு பெற்ற தொழிலாளி, சங்கத்துக்காக மழையில் நின்றவர். "கவுர்மெண்டு நெனச்சா ஒரே நாள்ல ஸ்டோர தொறக்க வெக்கலாம். கேக்க ஆளில்ல, அதான் குடுக்க ஆளில்ல" என்பார். என் கணவர் விடமாட்டார்.

"யாருப்பா தொறக்கிறது? காசு போடறவன் வந்தாத்தான் வேல வரும். நீங்க கொடி புடிச்சே வர்றவனையும் வெரட்டிட்டீங்க."

"காசு போடறவன் வந்து ஒங்க தாத்தன என்ன பண்ணான்னு தெரியுமாடா?"

தாத்தா வந்துவிட்டால் விவாதம் சீக்கிரம் முடியாது என்று அர்த்தம். டி.வி.யிலும் இதே கூத்துதான். டை கட்டிய நாலு பேர் 'முதலீடு', 'முதலீடு' என்று கத்திக்கொண்டிருப்பார்கள். தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை வேலைகளை அள்ளி வீசுவார்கள், குனிந்து பார்த்தால் தரையில் ஒன்றும் இருக்காது. இவர்கள் போட்ட வாய்ப்பந்தலில் ஒரு துணிகூடக் காயவில்லை என்று நான் உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டே நினைத்துக்கொள்வேன். துணி காய்வதைப் பற்றி அப்போது எனக்கு இரவு பகலாக யோசனை இருந்தது. அதற்குக் காரணம் என் புது வேலை.

டேம் ஓரத்தில் லொட்ஜ் வைத்திருக்கிற ஒரு சிங்கள முதலாளியிடம் நான் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நாங்கள் அவரை மாத்தயா என்போம். நல்ல மனிதர். எதற்கும் பதறுவார். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள், தேயிலைக்குள் நடக்க வருகிற வெள்ளைக்காரர்கள் என்று ஆள் வருவது மறுபடி கூடியிருந்தது. ஆட்களை வரவைத்த கடவுள் வெயிலை வரவைக்கவில்லை. எங்கள் பக்கத்து மழையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொடியில் போட்ட சட்டை மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும், நாலாம் நாள் நாற ஆரம்பிக்கும். விரிப்பும் துவாயும் கண்டிக்கு வான் வண்டியில் போய்க் காய்ந்து வந்தன. அங்கிருந்து வருவதற்குள் இங்கே அறைக்கு ஆள் வந்து நிற்பார்கள். மாத்தயா தலையில் கைவைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். சுற்றிலும் இருந்த மற்ற லொட்ஜ்காரர்களும் அதே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பிள்ளையின் பள்ளிச் சட்டையை அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"ஸ்டோர் ஓடுனப்ப மேல் மாடியில போட்டா அஞ்சு நிமிசத்துல காஞ்சிரும். மழைக்கி எங்க சட்டையெல்லாம் அங்கதான போடுவோம்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைகிற கதை என்று கேட்டிருக்கிறேன். அந்தக் கதையில் நானே இருப்பேன் என்று நினைக்கவில்லை. ஸ்டோரின் மேல் மாடியில்தான் பச்சைக் கொழுந்தை வாட்டுவார்கள். கம்பி வலை போட்ட நீள நீளமான தட்டுகள், அடியிலிருந்து காற்றாடி இளஞ்சூட்டுக் காற்றை ஊதும். கொழுந்தை வாட்டுகிற காற்று விரிப்பைக் காயவைக்காதா? சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு அப்போதே லொட்ஜுக்கு இறங்கிப் போனேன்.

மாத்தயா முதலில் நம்பவில்லை. மறுநாள் வந்து பார்த்தார். என் கணவர் கண்டாக்கையாவிடம் ஸ்டோர் சாவியை வாங்கி, ஒரு காற்றாடியை எண்ணெய் போட்டுச் சுழலவைத்து, அடுப்பில் விறகு வைத்து, ஆறு விரிப்புகளைக் காயவைத்துக் காட்டினார். அருமையாகக் காய்ந்தன. திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றின் முதுகிலும் தேயிலைத் தூள் கறை, வரிவரியாக. பல வருஷத் தூள் வலையில் படிந்திருந்ததை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. மாத்தயா கறையைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு விரிப்பை மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"தேயிலை வாசம்," என்றார் சிங்களத்தில். "கறையை மட்டும் போக்கு. வாசம் இருக்கட்டும். வெள்ளைக்காரனுக்கு இது பிடிக்கும்."

அடுத்தது ஸ்டோர் மாடியைத் தோட்டத்திடம் வாடகைக்குக் கேட்க வேண்டும். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். எங்களுக்குத் தோட்ட மேனேஜரான துரையின் தயவு வேண்டியிருந்தது. மாத்தயா தனியாகப் போக யோசித்தார். மாமனார் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "நான் வாறேன்" என்று முன்னால் நடந்தார். ஆபீஸில் துரையிடம் அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: மாடியைக் கொடுங்கள், ஆனால் அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கள் லயத்து ஆட்களாக இருக்க வேண்டும். துரையும் ஒத்துக்கொண்டார், மாத்தயாவும் ஒத்துக்கொண்டார். காசு போடுகிறவனையும் கொடி பிடித்தவனையும் ஒரே படியில் இறங்கி வரப் பார்த்த என் கணவர் அன்று சாயங்காலம் விவாதத்துக்கே வரவில்லை.

மற்ற லொட்ஜ்களும் துணி தருவதாகச் சொன்னதால் மாத்தயா துணிந்து ஸ்டோரின் கீழ்த்தளத்தில் பெரிய சலவை மெஷின்களை இறக்கினார். எட்டு ஆட்கள் வேண்டும், எல்லோருக்கும் மாதச் சம்பளம் என்றார். ஆள் எடுக்கிற பொறுப்பு என்னுடையது. நாத்தனாரிடம் அன்றே சொன்னேன்.

"எட்டு எடம் இருக்கு புள்ள. மொத எடம் ஒனக்கு. சவூதிய மறந்துரு."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நெசமாவா அண்ணி?" என்றாள். அந்த ஒரு வாரம் அவள் ஏஜென்சிக்காரரைப் பற்றிப் பேசவே இல்லை. பிள்ளைக்குத் தலை வாரும்போது பாடினாள்.

அறிவிப்பை நான்தான் எழுதிக் கொடுத்தேன்: 'மாதச் சம்பளத்தில் எட்டுப் பேருக்கு வேலை. ஸ்டோரில் விசாரிக்கவும்.' மாத்தயா அதை ஹட்டனுக்கு எடுத்துப் போய்ப் பேனர் அடித்து வந்தார். எழுத்து தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னாராம். அடேயப்பா, அப்படி ஒரு பேனர். ஒரு வெள்ளைக்காரப் பெண் வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மெஷினோடு யார் சிரிப்பார்கள், அவள் என்றைக்காவது துணி துவைத்திருப்பாளா தெரியவில்லை. அதைக் காலையில் எல்லோரும் கூடுகிற பெரட்டுக் களத்தில், பெரட்டுக்கு வந்து வேலை பிரித்து வாங்குகிறவர்கள் கண்ணில் படும்படி வேலியில் கட்டினோம். நான் எழுதிக் கொடுத்ததுதானே என்று நான் அதை வாசிக்கவே இல்லை. சிரிக்கிறவளைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒருத்தரும் வரவில்லை.

முதல் நாள், மழை என்று நினைத்தேன். அடுத்த நாள் வெயில்கூட அடித்தது. ஸ்டோர் வாசலில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். கொழுந்துக் கூடையோடு போகிற பெண்கள் என்னைப் பார்த்து, "என்ன மதினி, கூட்டம் தாங்கலியா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வேலை இல்லை என்று விடிய விடியப் புலம்புகிறவர்கள், வேலை வீட்டு வாசலுக்கு வந்தால் கேலி பேசுகிறார்களே.

வீட்டில் விவாதம் புது உருவம் எடுத்தது. "வேல இல்லாம இல்லப்பா. செய்ய ஆளில்ல. நம்ம சனத்துக்கு ஒடம்பு வளையல" என்றார் என் கணவர். மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எட்டுப் பேராம், எட்டுப் பேரு. அதுக்கு ஒரு பேனரு வேற. இதுக்கா நான் தொர முன்னாடி போயி நின்னேன்?"

இத்தனை லயத்துக்கு எட்டு இடம் போதாது என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். இவருக்கு எட்டு வந்தால் எண்பது வேண்டும், எண்பது வந்தால் எண்ணூறு வேண்டும் என்று மனதுக்குள் திட்டினேன். மாத்தயா வந்து பார்த்தார். துணி மூட்டை மூட்டையாக வந்து கிடந்தது. திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் கண்டிப் பக்கத்திலிருந்து கூட்டிவருவதைத் தவிர வழியில்லை என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது நாத்தனாரின் மௌனம். பேனர் கட்டிய நாளிலிருந்து அவள் பாட்டு நின்றுவிட்டது. ஸ்டோருக்கு வா என்றால், "பாக்கலாம் அண்ணி" என்பாள். பிள்ளைக்குத் தானாகச் சட்டை போட, தானாகச் சாப்பிடப் பழக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது பயணப் பையைத் திறந்து வைத்துப் பிளவுஸை மடித்துக்கொண்டிருந்தாள். ஏஜென்சிக்காரர் கூப்பிட்டாராம், டிக்கெட் இந்த மாதத்துக்குள் வந்துவிடுமாம். அவ்வளவுதான், இத்தனை நாளும் அடக்கியது எல்லாம் என் வாயில் வந்துவிட்டது.

"கடல் தாண்டிப் போயி எவன் வீட்டுத் தரையவோ தொடைக்கத் தெம்பு இருக்கு. இந்தா இருக்கிற ஸ்டோருக்கு நடக்கத் தெம்பில்லியா? அண்ணி குடுக்கிற வேல ஒனக்குக் கேவலமா?"

அவள் பிளவுஸைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கேவலம்னு நான் சொன்னேனா? ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான வாய மூடிக்கிட்டு இருந்தேன். மாசம் எட்டுப் பேர வெச்சிக்கிட்டு நான் எப்புடி அண்ணி புள்ளைய வளக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. "எட்டுப் பேரோட ஒனக்கு என்ன? ஒனக்கு ஒரு எடம், மத்த ஏழு பேரு..."

"எட்டு நாளு வேல அண்ணி. பேனர்ல அப்புடித்தான போட்டிருக்கு. மாசம் எட்டுப் பேருன்னு. கொழுந்துக்குப் போறவகளுக்கே அதவிடக் கூட விழுகுது."

வாசலில் மாமனார் செருமினார். "அதத்தான நானும் சொன்னேன்" என்றார்.

தோட்டத்தில் பேர் என்பது வேலைக்கு மட்டும் பெயர் அல்ல, வேலை நாளுக்கும் அதுதான் பெயர். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர் விழும். பாதியில் திரும்பினாலோ கொழுந்து நிறை குறைந்தாலோ அரைப்பேர். மாதக் கடைசியில் பெண்கள் ஒருவரை ஒருவர், "ஒனக்கு எத்தன பேரு?" என்று கேட்டுக்கொள்வார்கள். இருபது பேர் என்றால் இருபது நாள் வேலை. லிந்துலையில் நான் பிறந்து விழுந்த லயத்திலும் இப்படித்தான் பேசினோம். என் அம்மா அரைப்பேருக்காகக் கங்காணியோடு சண்டை போட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பல வருஷம் கொழும்பில் கட்டில் விரித்ததில் அந்தச் சொல் எங்கேயோ அடியில் போய்விட்டிருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். நாத்தனாரும் பின்னால் வந்தாள். அப்போதுதான் அந்தப் பேனரை முதன்முறையாக வாசித்தேன். எழுத்தைப் பெரிசாக்க இடம் போதாமல் ஹட்டன் கடைக்காரர் என் வாக்கியத்தைச் சுருக்கியிருந்தார். 'மாதம் எட்டுப் பேர் வேலை.' சம்பளத்தையும் காணோம், 'க்கு'வையும் காணோம். நாட்டில் வேலையை உண்டாக்குவது எது என்று இத்தனை நாள் வழக்காடினோம். வேலையை ஒழிப்பதற்கு ஒரு 'க்கு' போதும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாரைப் பார்த்தேன், அவளுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் மழையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் ஓடிப்போய் சவூதிப் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்தாள். நான் குடையைப் பிடிக்க, அவள் எழுதினாள். 'ர்' தலையிலிருந்த புள்ளியை மறைத்து 'ரு' ஆக்கி, இடுக்கில் ஒரு 'க்கு'வைத் திணித்தாள். ஒரு சொட்டுச் சிதறி வெள்ளைக்காரியின் மூக்கில் விழுந்தது.

"மூக்குத்தி போட்டாச்சி அண்ணி. இப்பத்தான் நம்ம ஊரு ஆளு மாதிரி இருக்கா" என்றாள்.

திங்கட்கிழமை காலை மாத்தயா வந்து இறங்கியபோது ஸ்டோர் வாசலில் நிற்க இடமில்லை. பேனரில் 'மாதம்' என்ற சொல் மட்டும் தனியாக நின்றுபோனதால் ஒரு பெரியவர், "மாசம் எட்டுப் பேருக்குன்னா, அடுத்த மாசம் வேற எட்டுப் பேருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது. ஸ்டோரில் தற்காலிகமாக இருந்து வெறுங்கையோடு போனவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று மாமனார் சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது. எட்டுப் பேரை எடுத்த பிறகு திரும்பிப் போன முகங்களைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. என்னை மதினி என்று கேலி பேசியவளும் அதில் ஒருத்தி. அவள் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த சீசனுக்கு இன்னும் ஆள் வேண்டியிருக்கும் என்று மாத்தயா சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டதும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டப்போகிறேன்.

வேலை நன்றாகவே போனது. கீழே மெஷின் உருள, மேலே காற்றாடி ஊத, மூடிக் கிடந்த கட்டடத்தில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது. என் கணவர் மருந்து டப்பாவை இறக்கி வைத்துவிட்டு அவருடைய அடுப்புக்கே திரும்பி வந்தார். சாயங்கால விவாதமும் நிற்கவில்லை. வேலையை உண்டாக்கியது மாத்தயா போட்ட காசு என்பார் மகன். நான் கேட்காவிட்டால் கண்டிக்காரன் அல்லவா இங்கே நின்றிருப்பான் என்பார் அப்பா. இப்போதெல்லாம் நானும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். "ரெண்டு பேருமில்ல. மழை" என்பேன். மழையோடு யாரும் வழக்காட முடியாதல்லவா?

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. நாத்தனார் வேலைக்கு வந்தாள், எல்லோரையும்விட வேகமாகச் செய்தாள். ஏஜென்சிக்காரரிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பயணப் பை கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது. ஒரு மாதச் சம்பளம் கையில் வரட்டும், இந்த வேலை நிற்குமா என்று பார்க்கட்டும் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்ற பயமும் இருந்தது. ஸ்டோர் ஒரு தடவை மூடியதைப் பார்த்தவள் அவள். இன்னொரு தடவை நம்பு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

சம்பளம் வாங்கிய மறுநாள் அவளும் நானும் மேல் மாடியில் பெரிய விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது, இரண்டு முனைக்கும் ஆள் வேண்டும். பாதி மடிப்பில் அவள் போன் அடித்தது. பேரைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியதில் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விரிப்பின் முனையை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். காற்றாடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "ஆங்? சத்தமா சொல்லுங்க" என்று கத்தினாள். அதைப் பார்த்த என் கணவர் காற்றாடிகளை நிறுத்தினார். திடீரென்று மாடி முழுக்க அமைதி. எல்லாப் பெண்களும் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"டிக்கெட்டு வந்துருச்சுங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் இரண்டு முனையும் இருந்தன. கீழே விடக்கூடத் தோன்றவில்லை.

"இல்லீங்க. நான் வரலீங்க" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கோபமாகப் பேசியது எனக்கே கேட்டது. அவள் சிரித்தாள்.

"இங்க பேர் பதிஞ்சிட்டேங்க. அங்க என் பேர வெட்டிருங்க."

படிக்கட்டில் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி வந்துகொண்டிருந்த மாமனார் அந்தச் சொல்லைக் கேட்டு நின்றார். எந்தச் சொல்லைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டினாரோ அதை அவர் மகள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கைப்பிடியைப் பிடித்தபடி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் கணவர் காற்றாடிகளைத் திரும்பப் போட்டார். எனக்குக் கண் மறைத்தது. அது சந்தோஷத்தில் வந்த அழுகை என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் கையிலிருந்து தன் முனையை வாங்கிக்கொண்டு, "நல்லா இழுத்துப் புடிங்க அண்ணி, கசங்கிருச்சு பாருங்க" என்றாள்.